வானில் எழும் நெருப்பும் உடன் செல்ல வேண்டிய பொறுப்பும்

(அஸ்தம்பட்டி மஹல்லா மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பொள்ளாச்சியில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச பலூன் திருவிழாவைப் பற்றி நம் பிள்ளைகள் ஆர்வத்துடன் பேசக் கேட்கிறோம். அதன் பத்தாவது திருவிழா 2025 ஜனவரியில் திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை ஆகிய மூன்று இடங்களில் நடைபெற்றது. மறுபுறம், திருமண வீடுகளில் காகித விளக்குகளை ஏற்றி வானில் பறக்கவிடும் வழக்கமும் பரவி வருகிறது. பெரிய பலூனும் சிறிய விளக்கும் ஒரே தத்துவத்தில் இயங்குபவையே. ஆயினும் இவற்றிற்கிடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிரான்சு நாட்டில் காகிதத் தொழில் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள், 1783 ஜூன் மாதம் அன்னோனே என்னும் ஊரில் மக்கள் முன்னிலையில் ஒரு பெரிய பலூனைப் பறக்கவிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் மன்னர் காண, ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் பலூனில் ஏறிச் சென்று உயிருடன் இறங்கின. நவம்பர் 21ஆம் தேதி பிலாத்ர் தெ ரோசியே, மார்க்கி தார்லாந்து என்னும் இருவர் பாரிஸ் நகரின் மேல் ஏறத்தாழ 25 நிமிடங்கள் பறந்தனர். எரியும் வைக்கோலே அவர்களுடைய எரிபொருள். பறக்கும்போது துணியில் தீப்பொறி பட்டுத் துளைகள் விழுந்தன. நனைத்த பஞ்சினால் அத்தீயை அவர்களே அணைத்தனர்.

புகையில் ஏதோ தனிச் சக்தி இருப்பதாகவே அச்சகோதரர்கள் எண்ணினர். உண்மைக் காரணம் புகையன்று, வெப்பமே. சூடேறும் காற்று விரிவடைகிறது. விரிவடைவதால் அதன் அடர்த்தி குறைகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1,200 கிராம். 100 டிகிரியில் அது சுமார் 950 கிராம்தான். எனவே ஒரு கன மீட்டர் சூடான காற்று ஏறத்தாழ 250 கிராம் எடையைத் தூக்கும். 500 கிலோ எடையைத் தூக்க 2,000 கன மீட்டர் சூடான காற்று தேவை. பலூன் அத்துணை பெரிதாக இருப்பதன் காரணம் இதுவே.

இன்றைய பலூனின் வடிவம் 1960ஆம் ஆண்டு அமெரிக்கரான எட் யோஸ்ட் என்பவரால் உருவானது. நைலான் துணியாலான உறை, புரோப்பேன் வாயுவில் எரியும் அடுப்பு, கீழே மனிதர் நிற்கும் கூடை ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். அடுப்பை எரித்தால் பலூன் ஏறும். உச்சியிலுள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றினால் இறங்கும். திசை திருப்பும் கருவி எதுவும் இல்லை. உயரத்திற்கு உயரம் காற்றின் திசை மாறுவதால், ஏறியும் இறங்கியும் ஏற்ற காற்றைத் தேடிக்கொள்வதே ஓட்டுநரின் திறமை. 2005 நவம்பர் 26ஆம் தேதி நம் நாட்டின் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா, தமது 67ஆம் வயதில், மும்பையிலிருந்து இத்தகைய பலூனில் 21,027 மீட்டர் உயரம் சென்று உலக சாதனை படைத்தார்.

2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் எழுந்த பலூன் ஒன்று காற்றின் போக்கில் மாநில எல்லையைக் கடந்து, பாலக்காடு மாவட்டத்து வயலில் இறங்கியது. அதிலிருந்தோர் பாதுகாப்பாக இறங்கினர். காற்று ஓட்டுநரின் வசத்தில் இல்லை. ஆனால் நெருப்பு அவர் வசத்தில் இருந்தது.

காகித விளக்கில் அத்தகைய ஓட்டுநர் எவரும் இல்லை. காற்று எங்கே கொண்டு சேர்க்குமோ அங்கே அது விழும். 2020ஆம் ஆண்டு புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் பறக்கவிடப்பட்ட விளக்குகளால் அங்குள்ள விலங்குக் காட்சிசாலையின் குரங்கு இல்லம் எரிந்து, 30க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. விளக்கை விட்டவர்கள் ஒரு தாயும் அவருடைய இரு மகள்களும் ஆவர். எவருக்கும் தீங்கு நினைத்து அவர்கள் அதனைச் செய்யவில்லை.

அன்பர்களே! நம் ஊரைச் சுற்றிலும் ஓலைக் கூரை வீடுகள் உள்ளன, வைக்கோற்போர்கள் உள்ளன, கோடையில் சருகு மூடிக் கிடக்கும் சேர்வராயன் மலையடிவாரமும் உள்ளது. நாம் விட்ட விளக்கு எவருடைய கூரையில் விழுந்தது என்பதை நாம் அறியோம். அது எவர் விட்டது என்பதைக் கூரையை இழந்தவரும் அறியார். நட்டத்தை ஈடுசெய்யவோ மன்னிப்புக் கேட்கவோ வழியே இராது. பிறருடைய ஹக்கு நம் கழுத்தில் அப்படியே தங்கிவிடும்.

ஆகவே நம் மஹல்லாத் திருமணங்களில் இவ்விளக்குகளைப் பறக்கவிடுவதில்லை என்று மணவீட்டாரும் இளைஞர்களும் உறுதிகொள்ள வேண்டுகிறோம். அதே வேளையில், பலூன் ஏன் ஏறுகிறது என்று கேட்கும் பிள்ளையைப் பெற்றோர் அதட்டிவிட வேண்டாம்; அமர்த்தி விளக்குங்கள். ஏறுவது எவ்வாறு என்பதுடன், இறக்குபவர் யார் என்பதையும் அப்பிள்ளை கேட்டுப் பழகட்டும்.

வஸ்ஸலாம்.