ஈஸ்டுக்கு எதற்கு இவ்வளவு பணம்?

ரொட்டி உப்புவதற்கு ஈஸ்ட் வேண்டும் என்பது சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதே ஈஸ்டின் மரபணுக்களை ஆராய நம் சிங்கப்பூரில் ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன என்று சொன்னால், "புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்து தேட வேண்டிய பணத்தை இதில் போடலாமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த மருந்துகளுக்குப் போகும் பாதையே பல நேரம் இந்த ஓரணு உயிர் வழியாகத்தான் போகிறது என்கிறேன்.

முதல் சான்று 1987-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் பால் நர்ஸ், மெலனி லீ இருவரும் பிளவு ஈஸ்ட் என்ற வகையை எடுத்துக்கொண்டார்கள். அதில் சிடிசி-2 என்ற மரபணு பழுதான அணுக்கள் உண்டு. இதமான வெப்பத்தில் அவை ஒழுங்காக இரண்டாகப் பிரியும். வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போய்க் கடைசியில் செத்துவிடும். மனித மரபணுக்களைத் துண்டு துண்டாக, அணுவுக்கு ஒன்றிரண்டாக, இவற்றுக்குள் செலுத்தி, தட்டில் பரப்பி, வெப்பத்தைக் கூட்டினார்கள். பெரும்பாலானவை மடிந்தன. எங்கோ சில மட்டும் பிரிந்து பெருகித் தட்டில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. அந்தப் புள்ளியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, கையில் கிடைத்தது சிடிசி-2-இன் மனித வடிவம். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஈஸ்டும் நாமும் தனித்தனி வழி பிரிந்துவிட்டோம். ஆனாலும் அதன் பழுதை நம் மரபணு சரிசெய்கிறது. நர்ஸுக்கு 2001-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

"ஒரு மரபணுவை வைத்து முடிவுக்கு வரலாமா?" என்று கேட்கலாம். 2015-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர், ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அதனதன் மனித வடிவத்தை அங்கே வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதி வேலை செய்தது. மீதிப் பாதி வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈஸ்டுக்கு இதயமில்லை, மூளையில்லை. அவற்றின் நோய்களை அதனிடம் முழுதாகப் படித்துவிட முடியாது. ஆனால் புற்றுநோய் என்பது அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது. அணு எப்படிப் பிரிகிறது என்பதை ஈஸ்டைவிட எளிதாகக் காட்டும் உயிர் அரிது. மார்பகப் புற்றுநோய்க்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப் மருந்து தடுப்பதும் சிடிசி-2-இன் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளைத்தான்.

சிங்கப்பூரின் பங்கும் இந்த வரிசையில் உண்டு. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தில் மோகன் பாலசுப்பிரமணியன் குழுவினர், பிளவு ஈஸ்ட் தன் நடுவில் ஒரு வளையம் கட்டி, அதை இறுக்கி, இரண்டாகப் பிரியும் விதத்தை ஆராய்ந்தார்கள். அந்த வளையத்தில் உள்ள ஆக்டினும் மயோசினும்தான் நம் தசைகளையும் இயக்குகின்றன. அடுத்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். ஈஸ்டின் மரபுத்தொகுதி முழுவதையும் செயற்கையாக எழுதும் உலகத் திட்டத்தில், அதன் 16 குரோமோசோம்களில் பதினைந்தாவதை உருவாக்கும் பொறுப்பு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட அந்தக் குரோமோசோமை உருவாக்கிய பணியின் முடிவுகள் 2023-இல் வெளியாயின.

"உயிரோடு விளையாடுவது ஆபத்தில்லையா?" என்பது இன்னொரு கவலை. அதை அலட்சியப்படுத்தக் கூடாது, சிங்கப்பூரும் அலட்சியப்படுத்தவில்லை. மரபணு மாற்றத்துக்கான ஆலோசனைக் குழு 1999-லேயே அமைந்தது. மனிதரைக் குளோனிங் செய்வதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒரு மரபணுவை நுண்ணுயிரில் வைத்துப் படியெடுப்பதோ முற்றிலும் வேறு வேலை. அதன் பலனை நாம் ஏற்கெனவே உடலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பகுதி ஈஸ்டில் தயாராவது. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியின் ஒரே ஒரு மரபணுவை ஈஸ்டில் வைத்துச் செய்த தடுப்பூசிக்கு 1986-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மறு ஆண்டே சிங்கப்பூர், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்நோய்க்கான தடுப்பூசித் திட்டத்தை விரிவாக்கியது.

"மற்ற நாடுகள் கண்டுபிடிக்கட்டும், சிறிய நாடான நாம் வாங்கிக்கொள்வோம்" என்றும் சிலர் சொல்வார்கள். மருந்தை வாங்கலாம். அதைச் சோதிக்கவும், குறை கண்டுபிடிக்கவும், அடுத்ததைச் செய்யவும் தெரிந்தவர்களை அவசரத்துக்கு வாங்க முடியாது. அவர்கள் இப்படிப்பட்ட ஆய்வகங்களில்தான் உருவாகிறார்கள். நர்ஸ் ஈஸ்டைக் கையில் எடுத்தபோது எந்த மருந்தையும் வாக்களிக்கவில்லை; சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார். ஆகவே பொதுப்பணத்தை ஒதுக்கும்போது, "இதனால் அடுத்த ஆண்டு என்ன மருந்து வரும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்தக் கேள்விக்கு இங்கே தெளிவான விடை கிடைக்குமா?" என்றும் கேட்க வேண்டும். அந்தத் தேர்வில் ஈஸ்ட் பலமுறை தேறியிருக்கிறது.