கணக்கின் கட்டடமும் கண்ணெதிர்க் கட்டடமும்



நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கின்ற சுலோசன முதலியார் பாலத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அப்பெருமகனார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அமைத்த பாலம் அது; 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தாமிரபரணியின்மீது நிற்கும் அதன் பழைய வளைவுகளில் நம் கண்ணுக்குத் தெரிவன கட்டுமானமும் காரையுமே. ஆயினும் ஒவ்வொரு வளைவினுள்ளும் பாரம் ஒரு வழியே இறங்கிச் செல்கின்றது. அவ்வழியைப் பொறியாளர் ஒரு கோடாகக் கற்பனை செய்துகொள்வர். அக்கோடு வளைவின் கனத்துக்குள் அடங்கியிருக்கும்வரை வளைவு நிற்கும். புறத்தே விலகினால் வளைவு பிளந்து குலையும். தொங்கும் சங்கிலியின் வடிவைத் தலைகீழாக்கினால் உறுதியான வளைவு கிடைக்கும் என்ற உண்மையை இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் 1675-இல் வெளியிட்டார். கற்பனைக் கோட்டையும் கட்டும் வளைவையும் ஒன்றுபடுத்தும் கலைக்கு அஃது ஓர் அடிப்படையாயிற்று.

ஆகவே, கட்டடம் ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு கட்டடங்கள் என்று கூறலாம். ஒன்று நாம் குடியிருப்பது. மற்றொன்று பொறியாளர் கணக்கிடுவது. இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்த வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்நாளில் கட்டட வடிவமைப்பைக் கணிப்பொறியிலேயே செய்கின்றனர். அதில் இரண்டு மாதிரிகள் உள்ளன. முதலாவது உருவ மாதிரி. தூணின் அகலம், உத்தரத்தின் ஆழம், தளத்தின் கனம் ஆகிய யாவும் இதில் உள்ளவாறே இருக்கும். கான்கிரீட் எவ்வளவு வேண்டும் என்று அளந்தெடுப்பதும், கொத்தனார் கையில் கொடுக்கும் படத்தை வரைவதும் இதிலிருந்துதான். இரண்டாவது பகுப்பாய்வு மாதிரி. இதில் தூணும் உத்தரமும் கனமற்ற கோடுகள். தளம் ஒரு மெல்லிய ஏடு. கோடுகள் கூடுமிடம் கணு எனப்படும். எந்தத் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது, எத்தனை கம்பி வேண்டும் என்னும் முடிவுகளெல்லாம் இந்தக் கோட்டுப் படத்திலிருந்தே பிறக்கின்றன.

வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையில் தூணைக் கோடாக வரைகிறார். அதனால் குற்றமில்லை. தூண் உண்மையிலேயே கோடுதான் என்று நம்பிவிட்டால் அங்கே குற்றம் பிறக்கிறது. நம் ஊர் வீடு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் மேடுபள்ளமின்றி ஒரே முகமாக அமைய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். தூண் 230 மில்லிமீட்டருக்கு 450 மில்லிமீட்டர். நீண்ட பக்கம் வீட்டினுள் நோக்கியிருக்கிறது. 230 மில்லிமீட்டர் அகலமுள்ள உத்தரம் தூணின் வெளிமுகத்தை ஒட்டிச் செல்கிறது. தூணின் நடுக்கோடு வெளிமுகத்திலிருந்து 225 மில்லிமீட்டர் தள்ளியுள்ளது. உத்தரத்தின் நடுக்கோடோ 115 மில்லிமீட்டர் தள்ளியுள்ளது. எனவே இரண்டு கோடுகளும் சந்திப்பதில்லை. இடையே 110 மில்லிமீட்டர் விலகல் இருக்கிறது.

இவ்விடத்தில் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, உத்தரக் கோட்டைத் தூண் கோட்டுக்கே இழுத்து ஒட்டிவிடுவது. படம் அழகாகிவிடும். ஆனால் உத்தரம் 10 டன் பாரத்தைத் தருமாயின், 110 மில்லிமீட்டர் விலகலால் 1.1 டன்-மீட்டர் திருப்புத்திறன் தூணை வளைக்கும். ஒரு மீட்டர் நீளக் கையின் நுனியில் 1.1 டன் எடையைத் தொங்கவிட்டதற்கு அஃது ஒப்பாகும். அது கணக்கிலிருந்து மறையுமேயன்றித் தூணிலிருந்து மறையாது. இரண்டாம் வழி, கோடுகளை விலகியபடியே விட்டுவிடுவது. அப்பொழுது கணக்கில் உத்தரத்தின் முனை அந்தரத்தில் நிற்கும். சிலவேளை கணிப்பொறி எச்சரிக்கும். சிலவேளை தளத்தின் ஏடு அப்பாரத்தை வேறு வழியே கடத்திவிட, எச்சரிக்கையின்றித் தவறான விடை வந்துவிடும். மூன்றாவதே முறையான வழி: இரண்டு கோடுகளையும் வளையாத சிறு இணைப்பொன்றால் பிணைத்து, விலகலைக் கணக்கில் வைத்துக்கொள்வது. இதற்கு மென்பொருள்களில் இடம் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது மனிதனின் கடமை.

ரெவிட் என்னும் மென்பொருளில் முன்பெல்லாம் உருவத்தை வரைந்தால் கோட்டு மாதிரியும் தானே உடன் தோன்றும். 2023-ஆம் பதிப்பு முதல் அதனைத் தனியே அமைத்து உருவத்தோடு தொடர்புபடுத்தும் முறை வந்தது. இரண்டும் வெவ்வேறானவை, பொருத்துவோன் ஒருவன் வேண்டும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

பொருத்தம் தவறினால் நேர்வது என்ன? அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து விளையாட்டரங்கின் எஃகுக் கூரை, கணிப்பொறியின் துணையால் வடிவமைக்கப்பட்டது. மேற்சட்டங்களை நடுவில் தாங்கிகள் இறுகப் பிடித்திருக்கும் என்று கணக்கு கொண்டது. கட்டியபோது பல இடங்களில் அப்பிடிப்பு அச்சுக்கோட்டை விட்டு விலகி அமைந்தது. கட்டும்போதே கூரை கணக்கிட்டதைப் போல் இருமடங்கு தொய்ந்தது; அவ்வறிகுறியைப் பொருட்படுத்தினாரில்லை. 1978 சனவரி 18 அதிகாலையில், பனியின் பாரத்தால் ஏறத்தாழ 1,400 டன் கூரை இடிந்து வீழ்ந்தது. சில மணிநேரத்துக்கு முன்புதான் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே ஆட்டம் பார்த்துச் சென்றிருந்தனர்.

நம் நாட்டுச் சான்று இன்னும் துயரமானது. 2001 சனவரி 26 அன்று கச்சு நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடி வீடுகள் சரிந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தை வண்டிகளுக்காகத் திறந்துவிட்டு மேலே செங்கற் சுவர் எழுப்பியவை. இத்தகைய கட்டடங்களைக் கணக்கிடுகையில் சுவரை வெறும் எடையாக மட்டும் கொள்வது வழக்கமாயிருந்தது. சுவர் தரும் விறைப்பு கணக்கில் ஏறவில்லை. நிலம் அசைந்தபோது மேல்மாடிகள் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின்மேல் வந்து விழுந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016-இல் வெளியிட்ட நிலநடுக்க விதித்தொகுப்பு, சுவர்களின் விறைப்பை மூலைவிட்டத் தாங்கிகளாகக் கணக்கில் கொள்ளும் முறையை வகுத்தது. பாளையங்கோட்டையிலும் திறந்த கீழ்த்தளத்தோடு அடுக்குமாடிகள் எழுகின்றன. ஆதலின் இது நமக்கும் உரிய பாடமே.

விடையைச் சரிபார்க்கும் வழக்கத்தைப் பள்ளியில் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இங்கும் அதுவே மருந்து. மூன்று தளங்கள், ஒவ்வொன்றும் 120 சதுர மீட்டர் என்று கொள்வோம். கான்கிரீட் வீட்டில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 1.2 டன் வரை பாரம் கொள்வது பொறியாளரின் கைக்கணக்கு. அப்படியானால் அடித்தளத்தில் இறங்க வேண்டியது 360 முதல் 430 டன். கணிப்பொறி 250 டன் என்று கூறினால், ஏதோ ஒரு சுவரோ தளமோ கோட்டு மாதிரியில் விடுபட்டிருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். அடுத்து, பாரம் ஏற்றிய கட்டடம் வளையும் விதத்தைத் திரையில் மிகைப்படுத்திப் பார்த்தால், பிணைப்பு அற்ற உத்தரம் தனியே தொங்குவது தெரிந்துவிடும். மூன்றாவதாக, உருவப் படத்தையும் கோட்டுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாடிமாடியாக ஒப்பிட வேண்டும்.

வீடு கட்டுவோர்க்கும் இதில் பங்குண்டு. கார் நுழைய வேண்டுமென்று தூணை இரண்டடி தள்ளச் சொல்கிறோம். கட்டி முடித்தபின் இன்னும் ஒரு மாடி கேட்கிறோம். கூடத்தை விரிக்கச் சுவரை இடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கண்ணெதிர்க் கட்டடம் மாறுகிறது. கணக்கின் கட்டடம் பழையபடியே ஏட்டில் கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து குடியேறுகிறது. எனவே மாற்றம் வேண்டுவோர் கொத்தனாரிடம் சொல்லுமுன் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்பாராக: “இம்மாற்றத்துக்குக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தீர்களா?” அக்கேள்விக்கு ஆகும் செலவு சிறிது; அது காப்பது, அக்கூரையின்கீழ் உறங்கும் உயிர்களை.