குறைந்த காஸ் எங்கே போனது?



இந்த மாதம் நான் கதைக்க வந்திருப்பது பழைய கார்களில் வேலை செய்யாமல் போகும் ஏசியைப் பற்றி. கணக்கு எழுதுகிறவனுக்கும் கார் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களிற் சிலர் சிரிக்கக்கூடும். நான் வணிகம் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனால் ஏசி பழுதுக்காக எங்கள் ஆட்கள் கட்டிய பில்கள் என் மேசைக்கு வருகின்றன. அந்தப் பில்களைப் படித்தபோது விளங்கிய ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஜேர்மனிக்கு ஏசி எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2019ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி எங்கள் மாநிலத்தில், டுயிஸ்பூர்க்கிலும் தோனிஸ்ஃபோர்ஸ்டிலும் 41.2 பாகை வெப்பம் பதிவானது. யாழ்ப்பாணத்திலேயே காணாத வெக்கை அது. வீட்டில் குழந்தைகளும் வயது போன அம்மா அப்பாவும் இருப்பவர்களுக்குக் கார் ஏசி ஆடம்பரம் அல்ல. குளிர்காலத்திலும் அதற்கு வேலை இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்து, முன் கண்ணாடியில் படியும் புகாரை விரைவாக நீக்குவது அதே ஏசிதான்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். காருக்குள் இருக்கும் காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கொம்பிரசர் அதை அழுத்துகிறது. காரின் முன்பக்கம், ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேற்றரில் விரிந்து, உள்ளே வரும் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கொம்பிரசருக்குப் போகிறது. ஆகவே காஸ் குறைந்தால் அது எங்கேயோ ஓர் ஒழுக்கால் வெளியே போயிருக்கிறது என்பதே பொருள். கணக்குப் புத்தகத்தில் பணம் குறைந்தால் எங்கே போனது என்று தேடுவோமே தவிர, பெட்டியில் புதுப் பணத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டோம் அல்லவா?

என்னிடம் கணக்கு வேலைக்கு வரும் ஒரு தம்பி, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு பழைய வான் வைத்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அடுத்தடுத்து மூன்று கோடைகளில் ஏசிக்குக் காஸ் அடித்த மூன்று பில்கள் அவருடைய கோப்பில் இருந்தன. ஒவ்வொரு பில்லோடும் காஸ் அடிக்கும் இயந்திரம் அச்சிட்ட ஒரு சிறு துண்டும் இணைத்திருந்தது. அதில் இரண்டு எண்கள் முக்கியம். வாகனத்திலிருந்து வெளியே எடுத்த காஸ் எவ்வளவு, புதிதாக நிரப்பியது எவ்வளவு. அந்த வானின் கொள்ளளவு 600 கிராம். முதல் வருடம் எடுத்தது 210, நிரப்பியது 600. இரண்டாம் வருடம் எடுத்தது 180, நிரப்பியது 600. மூன்றாம் வருடம் எடுத்தது 195, நிரப்பியது 600.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதற் கோடைக்கும் இரண்டாம் கோடைக்கும் இடையில் 420 கிராம் போய்விட்டது. அடுத்த வருடம் 405 கிராம். மூன்று முறையும் சேர்த்துப் புதிதாகப் போட்டது 1,215 கிராம். வான் கொள்ளக்கூடிய காஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பணமும் அதோடு காற்றிலே போனது.

2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் ஒன்று வாகன ஏசிகளுக்கென்றே இருக்கிறது. ஓர் எவாப்பரேற்றர் உள்ள காரில் வருடத்துக்கு 40 கிராமும், முன்னும் பின்னும் என இரண்டு உள்ள வாகனத்தில் 60 கிராமும்தான் கசியலாம் என்று புதிய கார் மாதிரிகளுக்கு அது எல்லை வகுத்தது. இன்னொன்றும் அதில் உண்டு. வழமைக்கு மீறிக் காஸ் குறைந்திருந்தால், ஒழுக்கைத் திருத்தாமல் மறுபடி நிரப்பக் கூடாது. எந்த வேர்க்ஸ்டாட்டாக இருந்தாலும் அதுதான் விதி. ஆகவே ஒழுக்கைத் தேடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அதை யாரிடமும் தயவாகக் கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பி கடைசியில் வேறொரு இடத்தில் ஒழுக்குச் சோதனை செய்வித்தார். கொண்டென்சரின் கீழ் மூலையில் உப்பு அரித்த ஒரு சிறு துளை. அதை மாற்றினார்கள். அடுத்த வருடம் அவருடைய துண்டில் எடுத்த காஸ் 580 கிராம் என்று இருந்தது. கணக்குச் சரிவந்துவிட்டது.

சரி, வேர்க்ஸ்டாட்டுக்குப் போகுமுன் நாங்களே பார்க்கக்கூடியவை எவை? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, காற்று வருகிறதா? காற்றே வரவில்லை என்றால் பிரச்சினை காஸில் இல்லை. பியூஸையும் காற்றாடி மோட்டரையும் பாருங்கள். ஆகக் கூடிய வேகத்தில் மட்டும் வந்து மற்ற வேகங்களில் வராவிட்டால், அனேகமாகக் காற்றாடியின் ரெசிஸ்டர் போயிருக்கும். காற்று மெதுவாக வந்தால் பொலன்ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அதை வீட்டிலேயே மாற்றலாம், விலையும் குறைவு.

இரண்டாவது, காற்று வருகிறது, குளிர் இல்லை. எஞ்சினை இயக்கி ஏசிப் பொத்தானை அழுத்துங்கள். பழைய கார்கள் பலவற்றில் பொனற்றுக்குள் 'கிளிக்' என்று கொம்பிரசர் கிளச் பிடிக்கும் சத்தம் கேட்கும். அது கேட்காவிட்டால் கொம்பிரசர் செத்துவிட்டது என்று யாரும் சொன்னால் உடனே நம்பாதீர்கள். காஸ் குறைந்தால் கொம்பிரசரைக் காப்பாற்ற ஓர் அழுத்த சுவிற்ச் அதை இயங்கவிடாமல் நிறுத்திவிடும். கொம்பிரசருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது என்பதே காரணம். அந்தக் கிளச் இல்லாத கொம்பிரசர்களும் உண்டு, அவற்றில் சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஓடும்போது குளிர், நின்றால் சூடு. கோடையில் ஊன்ட்ரோப் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாவுக்குக் கார்கள் வரிசையில் ஊரும்போது பலர் இதைக் கண்டிருப்பீர்கள். ஏ2 நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்த கார், கோயில் வீதியில் அனல் வீசும். ஓடும்போது எதிர்க்காற்று கொண்டென்சரைக் குளிர்த்துகிறது. நின்றபின் அந்த வேலையை முன்னால் இருக்கும் காற்றாடிதான் செய்ய வேண்டும். அது சுற்றுகிறதா, கொண்டென்சரில் இலைகளும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கழுவுவதானால் மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தத் தண்ணீர் அதன் தகடுகளை வளைத்துவிடும்.

நான்காவது, ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் சூடு. இது பெரும்பாலும் காற்றைத் திருப்பும் மூடியின் சிறு மோட்டராக இருக்கலாம். காஸ் குறைவாலும் சில கார்களில் இப்படி வரும்.

காரின் கீழே சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது ஏசி எடுத்த ஈரம். அதே தண்ணீர் காருக்குள் கால்விரிப்பில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மணம் வந்தால் எவாப்பரேற்றரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே ஏசியை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்டால் அது காய்ந்துவிடும்.

இவையெல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால் வேர்க்ஸ்டாட்டுக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது டொச்சில் 'டிக்ட்ஹைட்ஸ்ப்ரூஃபுங்', அதாவது ஒழுக்குச் சோதனை. காஸ் இயந்திரம் நிரப்பு முன் குழாயை வெறுமையாக்கிச் சில நிமிடம் பார்க்கும். அது போதாது. அந்தச் சோதனையில் குழாய்க்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசம் ஆகக் கூடியது 1 பார். ஏசி ஓடும்போதோ உயர் அழுத்தப் பக்கத்தில் 10 பாருக்கு மேல் ஏறும். சிறு ஒழுக்கு முதலாவதில் தப்பிவிடும். நைதரசன் காஸை அழுத்தி அடித்து, அல்லது ஒளிரும் சாயம் கலந்து தேடச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் எழுத்தில் விலை மதிப்பீடு கேளுங்கள். முடிந்தபின் அந்த இயந்திரத் துண்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. எங்கள் ஆட்கள் கைவேலைக்குப் பின்னிற்காதவர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள். சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மிகுதித் தூரத்துக்கு மண்ணெண்ணெய். அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏசிக் காஸில் அது வேண்டாம். வாகனத்திலிருந்து காஸை எடுக்கும் வேலையைப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்தான் செய்யலாம். ஒருமுறை பாவித்து எறியும் காஸ் போத்தல்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் விற்பனைக்குத் தடை. கள்ளமாக விற்கும் போத்தலில் எரியும் காஸ் கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. திரவமாக வெளியே வரும் காஸ் தோலில் பட்டால் உறைகாயம் வரும். ஒழுக்கடைக்கும் பசை என்று சேர்த்து விற்பதை ஊற்றினால், வேர்க்ஸ்டாட்டின் இயந்திரமே அடைபடும் என்று பிறகு ஒருவரும் உங்கள் காரைத் தொட மாட்டார்கள்.

காஸின் பெயரையும் பாருங்கள். பொனற்றுக்குக் கீழே ஒட்டிய தாளில் எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். பழைய கார்களில் பெரும்பாலும் ஆர் 134ஏ. 2017 முதல் ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் அதை நிரப்ப முடியாது. அநேகமாக ஆர் 1234வைஎஃப்தான் இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது. பழைய கார்களுக்கு ஆர் 134ஏ நிரப்புவது சட்டப்படி சரிதான். ஆனால் சந்தைக்கு விடும் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் படிப்படியாகக் குறைத்து வருவதால் விலை முன்னைப் போல் இல்லை. ஏன் குறைக்கிறார்கள்? ஒரு கிலோ ஆர் 134ஏ வெளியே போனால், 100 வருடக் கணக்கில் 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. அந்தத் தம்பியின் வானிலிருந்து போன 1,215 கிராம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் தொன்னுக்குச் சமம். வெக்கைக்குப் பயந்து காஸ் அடிக்கிறோம், ஒழுகிய காஸ் வெக்கையைக் கூட்டுகிறது.

திருத்தச் செலவு காரின் பெறுமதிக்கு அண்மையில் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏசி இல்லை என்பதற்காக டூவ் பரிசோதனையில் காரை நிறுத்த மாட்டார்கள். ஆகவே இன்னும் எத்தனை வருடம் அந்தக் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்று எண்ணி, திருத்தச் செலவை அந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். அதை வருடாவருடம் காஸ் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் விடை தானாக வரும். அதுவரை எந்தக் காராக இருந்தாலும், வெயிலில் நிறுத்திய காருக்குள் குழந்தையையோ முதியவரையோ ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். வெளியே 30 பாகை என்றால் ஒரு மணித்தியாலத்தில் உள்ளே 50ஐத் தாண்டிவிடும்.

உங்கள் வீட்டுக் கோப்பிலும் அப்படியொரு துண்டு கிடக்கக்கூடும். இந்த வாரமே எடுத்து அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், வரும் கோடைக்கு முன்னரே ஒழுக்கைத் தேடச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.