பைலாவின் பிறப்பும் வகைகளும்



திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று நோக்குவோர்க்கு உள்துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பு காட்சி தரும். இத்துறைமுகத்தைக் காவல் செய்யப் போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்து, 1624ஆம் ஆண்டில் கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பதினைந்து ஆண்டே நிலைத்த அவ்வாட்சி மறைந்தது. அவர்கள் வழிவந்த ஆடலும் பாடலும் மறையவில்லை.

பைலா என்னும் பெயர், ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. அதனினும் பழையது கபிரிஞ்ஞா. காப்பிரி என்று வழங்கப்பெற்ற ஆபிரிக்கரின் பெயரோடு போர்த்துக்கேய விகுதி ஒன்று சேர்ந்து அச்சொல் அமைந்தது. அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் தாளமும் ஐரோப்பிய இன்னிசையும் இத்தீவில் கலந்தமைக்கு அப்பெயரே சான்று.

இதன் தாளம் ஆறு எண்ணிக்கை உடையது. அதனை இரண்டு மும்மைகளாகவும் பகுக்கலாம். மூன்று இரட்டைகளாகவும் பகுக்கலாம். காது ஒன்றைப் பற்றக் கால் மற்றொன்றைப் பற்றும். கேட்போர் இருக்கையை விட்டு எழுவதன் காரணம் இதுவே.

வகைகள் பல. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் திருமணங்களில் வயலினும் கித்தாரும் ஒலிக்க, ஆணும் பெண்ணும் இணைந்து கபிரிஞ்ஞா ஆடுவர். புத்தளத்துச் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரின் மஞ்சா, மெல்லத் தொடங்கி வரவர விரையும். தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் அங்கே வாத்தியங்களாகும். பாடகர் இருவர் ஒருவரையொருவர் மடக்கிப் பாடுவது வாதப் பைலா. நம் நாட்டாரின் போட்டிப் பாட்டை அது ஒக்கும். 1940களில் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன், பலரும் சேர்ந்து பாடும் சிங்களப் பைலாவைப் பரப்பினார். 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலியோரின் துள்ளிசைப் பாடல்களில் அத்தாளம் தமிழும் பேசிற்று.

களியாட்டப் பாட்டுத்தானே என்று இதனை இகழ்வோர் உளர். அவர்கள் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கிழக்கிலங்கைப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிளைமொழி இன்று அருகி வருகின்றது. பிள்ளைகள் தமிழிலே கற்கின்றனர். வீட்டிலும் தமிழே பேசுகின்றனர். பாட்டனார் மொழி பேரனின் நாவில் ஏறும் இடம் பெரும்பாலும் மணப்பந்தலே. தாளம் தானே வாழும். சொற்களோ கற்பிப்பார் இன்றி வாழா. பொருள் அறிந்த முதியோர் இருக்கும்பொழுதே அப்பாடல்களைக் கேட்டு எழுதிவைத்தல், அயலவராகிய தமிழரும் பங்குகொள்ளத்தக்க கடமையாகும்.