குர்பானி ஆடும் ஆட்டுக்கொல்லி நோயும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஆடு, மாடு, எருமை ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளம்பு பிளந்திருக்கும், அசைபோடும், எலும்பின் மேல் உறைபோல் வளரும் கொம்பு உயிருள்ளவரை விழாது. கிண்டிப் பூங்காவில் அருகருகே மேயும் வெளிமானும் புள்ளிமானும் ஓரினம் என்றே பலர் நினைக்கின்றனர். புள்ளிமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும்; வெளிமான் உதிர்க்காது. ஆகவே வெளிமான் நம் ஆட்டுக்கே உறவு.

உறவினருக்குள் நோயும் பரவும். முன்னர் ஆடுகள் கூட்டமாக மடிந்தால், மாட்டுக்கு வரும் வெக்கை நோய் என்றே எண்ணினர். 1987இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் மடிந்த ஆடுகளை ஆராய்ந்தபோதுதான், ஆட்டுக்கொல்லி எனும் தனி நோய் இந்தியாவிலும் உள்ளதென்று முதன்முதலாக உறுதியானது. வெக்கை நோய் 2011இல் உலகைவிட்டே ஒழிந்தது. அதன் தம்பியான இது ஒழியவில்லை. மங்கோலியாவில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் சைகா எனும் காட்டு இனத்தில் ஆயிரக்கணக்கானவற்றை இது மாய்த்தது.

நம் செய்யாற்றங்கரையில் மேயும் செந்நிறச் செம்மறிகளுக்கு ஆபத்து எப்போது? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர்தான். சந்தையில் பல ஊர் ஆடுகள் கூடுகின்றன. நாமோ கீழ்த்தாடையைத் திறந்து பல்லை எண்ணுகிறோம் (மேல்தாடையில் முன்பல் இராது), மூக்கைப் பார்ப்பதில்லை. அடியேனும் அவ்வாறே ஒரு கிடாவை வாங்கி வந்து பட்டியில் சேர்த்தேன். பத்து நாளில் ஏழு குட்டிகளைப் புதைத்தேன்.

கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கும் ஆகாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மனிதருக்கு இது தொற்றாது; எனினும் ஏழை வீட்டின் நாலு ஆடும் போனால் அவ்வீட்டின் சேமிப்பே போயிற்று.

எனவே புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தீவனத் தொட்டியும் தண்ணீர் வாளியும் தனியாக இருக்கட்டும். தடுப்பூசி ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காக்கும். அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டே அதில் ஒருவகை உருவாக்கப்பட்டது. நோய் வந்தபின் போடுவதில் பயனில்லை. பெருநாள் சந்தை கூடுவதற்கு ஒரு மாதம் முன்னரே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லுங்கள். குட்டிகளுக்கு நாலு மாதம் நிறைந்திருக்க வேண்டும்.