புல்லுக்குள் உறங்கும் பருந்து

நேயர்களே, வலசை வரும் வேட்டைப் பறவைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ராசாளி, விராலடிப்பான் என்று பட்டியல் பெரிது. ஆனால் பூனைப்பருந்து என்று தொடங்கிவிட்டால் எனக்கு வேறொன்றும் ஓடாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கசகஸ்தான், தெற்கு ருஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் இவை இந்தியாவுக்குள் இறங்குகின்றன. மார்ச், ஏப்ரல் வரை இங்கேதான். ஆண்டில் ஏறக்குறைய பாதி! திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் பார்த்திருப்பீர்கள். தரையை ஒட்டி, இறக்கையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி மிதந்து போகும். முகம் ஆந்தை முகம்போல வட்டமாக இருப்பதால் புல்லுக்குள் எழும் சிறு சரசரப்பும் காதில் விழுந்துவிடும்.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், "இது கோழிக்குஞ்சு தூக்குமா ஐயா?" என்று கேட்டேன். "அது எங்க தூக்குது சார்? வெட்டுக்கிளியத்தாம்லா பொறுக்குது" என்றார். அவர் சொன்னது சரி. விடிந்து பறவைகள் போனபின் அடையுமிடத்தில் அவை கக்கிய உருண்டைகள் கிடக்கும். எடுத்துப் பிரித்தால் வெட்டுக்கிளிக் கால்கள், இறகுத் துணுக்கு, எலி மயிர். நான் இதைச் செய்யும்போது வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், அது வேறு கதை.

அடையுமிடம் என்றேன் அல்லவா? அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பருந்து இங்கே மரத்தில் உறங்குவதில்லை, தரையில் உறங்குகிறது. பொழுது சாயும்போது நாலா பக்கமிருந்தும் வந்து, முதலில் பக்கத்து வெற்றுத் தரிசில் உட்கார்ந்து சிறகு கோதும். நன்றாக இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கும். மாண்டேகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து, சேற்றுப் பூனைப்பருந்து எல்லாம் ஒரே புல்வெளியில். குஜராத்தின் வெளாவதர் வெளிமான் பூங்காவில் இப்படி ஆயிரக்கணக்கில் கூடியதை 1990களிலேயே ஆய்வாளர்கள் எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். புல் ஆளை மறைக்கும் உயரம் வேண்டாம், பறவையை மறைத்தால் போதும். நரியோ நாயோ வந்தால் சட்டென்று எழும்பவும் முடிய வேண்டும்.

இரை தேட எத்தனையோ காடுகள் உண்டு. உறங்கும் இடமோ சில ஏக்கர்தான். அதை உழுதுவிட்டால், சீமைக் கருவேலம் மூடிவிட்டால், சூரிய மின்தகடு பரப்பிவிட்டால் அத்தனை பறவைகளும் இடம் தேடி அலைய வேண்டியதுதான். வருவாய்ப் பதிவேட்டில் அது வெறும் தரிசு. மரம் நடுகிறேன் என்று அங்கே போய்க் குழி தோண்டுவதும் உதவி இல்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பனிக்காலத்தில் உங்கள் ஊர்ப் புல்தரையில் அந்திப்பொழுதில் பருந்துகள் கூடினால், வண்டியை உள்ளே விடாதீர்கள், புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். தள்ளி நின்று எண்ணிப் பாருங்கள்; எண்ணிக்கையை இந்த நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.