அனுப்பிய மனு ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

(திருவண்ணாமலையில் இ-சேவை மைய நடத்துநர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரிக்கும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மின்னஞ்சல் சர்வரில் ஸ்பேம் ஃபில்டர் போடுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அது சர்வர் வச்சிருக்கிறவங்க வேலை, நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கையில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்த ஃபில்டரோடு தினமும் ஏதோ ஒரு தகராறு இருக்கிறது. வர வேண்டிய ஓடிபி நேரத்துக்கு வருவதில்லை. அனுப்பிய மனு போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. பல நேரம் நடுவில் நிற்பது இந்த ஃபில்டர்தான். அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்தால், நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

குப்பை அஞ்சல் நேற்று வந்த தொல்லை இல்லை. 1978 மே 3-ஆம் தேதி, டிஇசி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், அர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதைத்தான் முதல் ஸ்பேம் என்கிறார்கள். அன்றைக்கே திட்டு விழுந்தது. ஆனால் கொஞ்சம் வியாபாரமும் நடந்தது! அதனால்தான் இன்றுவரை இது நிற்கவில்லை.

சரி, ஃபில்டர் என்ன செய்கிறது? நம்ம ஊர் கார்த்திகை தீபத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எந்த வெளியூர் பஸ்ஸும் கோயில் பக்கம் வர முடியாது. வேட்டவலம் ரோடு, செங்கம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு என்று ஒவ்வொரு வழியிலும் ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் நிலையம் போட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு நடந்து வருகிற ஆட்களுக்கு வழியில் ஒரு சோதனை, கோயில் வாசலில் இன்னொரு சோதனை. சர்வரும் அப்படித்தான். கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு முன்னாலேயே, "இது எந்த ஐபி முகவரியில் இருந்து வருகிறது? அது கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா?" என்று பார்க்கும். ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் அந்தப் பட்டியல்களை வைத்திருக்கின்றன. குப்பையில் பெரும் பகுதி இந்த ஊர் எல்லையிலேயே நின்றுவிடும்.

தாண்டி வருவதைத்தான் ஸ்பாம்அசாசின், ஆர்ஸ்பாம்டி மாதிரியான மென்பொருள்கள் படித்துப் பார்க்கின்றன. இரண்டுமே இலவசம். லினக்ஸ் சர்வரில் இரண்டு மூன்று கட்டளையில் நிறுவிவிடலாம், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேலை அதற்குப் பிறகுதான்.

இந்த மென்பொருள்கள் "இது ஸ்பேம்" என்று ஒரே பார்வையில் முடிவு செய்வதில்லை. புள்ளி போடுகின்றன. சப்ஜெக்ட் இல்லையா, கொஞ்சம் புள்ளி. உள்ளே எழுத்தே இல்லையா, இன்னும் கொஞ்சம். சந்தேகமான லிங்க்கா, அதற்கும். நல்ல அடையாளம் இருந்தால் புள்ளி குறையும். கூட்டிப் பார்த்து, ஸ்பாம்அசாசினில் 5 வந்துவிட்டால் ஸ்பேம் என்று முத்திரை. இந்த 5 என்பது நிறுவும்போதே வருகிற எண். நிர்வாகி மாற்றலாம்.

இப்போது ஒரு மனுவை அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம். செங்கம் பக்கம் ஒரு அம்மா, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் அதை போனில் படம் எடுத்து, ஒரு அலுவலக முகவரிக்கு அனுப்புகிறான். சப்ஜெக்ட் காலி. உள்ளே ஒரு வரி கூட இல்லை. படம் மட்டும். நமக்கு அது மனு. ஃபில்டருக்கு? 2006 வாக்கில் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஃபில்டரை ஏமாற்ற விளம்பரத்தைப் படமாக்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். அதனால் எழுத்தில்லாமல் படம் மட்டும் வந்தால் சந்தேகப்படு என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் மனு அந்த விதியில் மாட்டுகிறது. சப்ஜெக்ட் இல்லாததற்கு ஒரு புள்ளி, உள்ளே காலி என்பதற்கு இன்னொன்று. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் புள்ளி ஏறிவிட்டது.

எனவே இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: மனுவைப் படமாக இணைத்தாலும், சப்ஜெக்டில் "முதியோர் உதவித்தொகை நிறுத்தம் தொடர்பாக" என்று ஒரு வரி போடுங்கள். உள்ளே பெயர், ஊர், என்ன கோரிக்கை என்று நாலு வரி தட்டச்சு செய்யுங்கள். அதையும் யூனிகோடில் செய்யுங்கள். பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே ஒட்டி அனுப்பினால், அடுத்த முனையில் அது தமிழே இல்லை. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல். மனிதருக்கே புரியாது, ஃபில்டர் பாவம் என்ன செய்யும்?

இது அனுப்புகிறவர் பக்கம். பெறுகிறவர் சர்வரிலும் தமிழுக்குச் சில கண்ணிகள் இருக்கின்றன. நான் சொல்வது தேசிய தகவலியல் மையம் போன்ற பெரிய அமைப்புகளைப் பற்றி அல்ல. சொந்தமாக சர்வர் வைத்திருக்கிற கல்லூரிகள், அறக்கட்டளைகள், சங்கங்கள், கிரிவலப் பாதையில் இருக்கிற தங்கும் விடுதிகள் இவற்றைப் பற்றி. ஸ்பாம்அசாசினில் "எந்த மொழி அஞ்சலை ஏற்கலாம்" என்று சொல்லும் வசதி ஒன்று உண்டு. சும்மா இருந்தால் அது எந்த மொழியையும் தடுக்காது. ஆனால் சீன, ரஷ்யக் குப்பை நிறைய வருகிறதே என்று யாராவது அதை இயக்கி, ஆங்கிலம் மட்டும் போதும் என்று எழுதிவிட்டால், தமிழில் வருகிற ஒவ்வொரு கடிதமும் கூடுதல் புள்ளியோடுதான் உள்ளே நுழையும். தமிழ்நாட்டில் இருக்கிற சர்வரில் தமிழ் வேற்றுமொழி! சர்வர் பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால், இன்றைக்கே அந்த வரியைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது கற்றுக்கொடுப்பது. பேய்ஸ் முறை என்று ஒன்று. எந்தெந்த வார்த்தை குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல கடிதத்தில் அதிகம் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு நிகழ்தகவு போடும். 2002-இல் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இது பரவியது. ஸ்பாம்அசாசினில் குறைந்தது 200 நல்ல கடிதமும் 200 குப்பையும் காட்டினால்தான் இந்தப் பகுதி வேலையே ஆரம்பிக்கும். அந்த 200-ம் ஆங்கிலமாக இருந்தால், தமிழைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு நம் மொழியில் சான்றிதழ், சான்றிதழை, சான்றிதழுக்கு, சான்றிதழுடன் என்று ஒரே சொல் பல உருவம் எடுக்கும். ஃபில்டருக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்துக்கு 200 போதுமென்றால் தமிழுக்கு அதற்கு மேலேயே காட்டுங்கள் என்பது என் கருத்து. பாடம் வேண்டியது உங்கள் அலுவலகத்துக்கு வந்த உண்மையான தமிழ்க் கடிதங்களில் இருந்துதான்.

இனி ஓடிபி. சாம்பல் பட்டியல் என்று ஒரு உத்தி இருக்கிறது. முன்பின் தெரியாத சர்வர் அஞ்சல் கொண்டுவந்தால், "இப்போ முடியாது, கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்பிவிடும். ஒழுங்கான சர்வர் திரும்ப வரும். ஸ்பேம் அனுப்புகிற நிரல்கள் பலவும் திரும்ப வராது. நல்ல தந்திரம்தான். ஆனால் ஓடிபி-யும் அதே வரிசையில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண், பதினைந்தாவது நிமிடம் வந்து சேர்கிறது. மக்கள் சலித்துப்போய் நாலு தடவை "மீண்டும் அனுப்பு" அழுத்துகிறார்கள்.

அதற்காக "அரசு முகவரி என்றால் கேட்காமல் விடு" என்று எழுதி வைக்கக் கூடாது. அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் போடலாம், தபால் உறையின் பின்னால் எழுதுகிற பெயர் மாதிரி. நம்ப வேண்டியது மூன்று விஷயங்களை. எஸ்பிஎஃப் என்பது, எங்கள் அஞ்சலை இந்த சர்வர்கள்தான் அனுப்பும் என்று டொமைன் உரிமையாளர் வெளியிடும் பட்டியல். டிகிம் என்பது கடிதத்தின் மேல் போடும் முத்திரை, வழியில் யாராவது திருத்தினால் உடைந்துவிடும். டிமார்க் என்பது, இரண்டும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்யலாம் என்கிற உத்தரவு. இந்தச் சோதனையில் தேறி, முகவரி உண்மையாகவே ஜிஓவி.இன் என்று முடிந்தால், அப்போது தாமதிக்காமல் விடலாம். "முடிந்தால்" என்பதைக் கவனியுங்கள். அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் இருந்தால் அது அரசு முகவரி இல்லை.

2024 பிப்ரவரியில் இருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அஞ்சல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் இந்த மூன்றையும் கேட்கிறது. இன்னொன்றும் கேட்கிறது: பெறுகிறவர்கள் ஸ்பேம் என்று புகார் செய்வது 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. உங்கள் விரலுக்கு எவ்வளவு பலம் பாருங்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரி அனுப்பும் அறிவிப்பு பிடிக்கவில்லை என்று ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், மற்றப் பெற்றோருக்கு வரும் தேர்வுத் தேதியும் அந்தக் கணக்கில் மாட்டும். வேண்டாம் என்றால் "அன்சப்ஸ்கிரைப்" கொடுங்கள். நீங்களே சேர்ந்த, தெரிந்த இடத்துக்கு மட்டும்தான் அது. தெரியாத குப்பைக்கு ஸ்பேம் பொத்தானே சரி. அதேபோல, தரிசன டிக்கெட்டோ சான்றிதழோ ஸ்பேம் பெட்டியில் கிடந்தால், எடுத்துக்கொண்டு சும்மா போகாமல் "ஸ்பேம் அல்ல" என்று அழுத்துங்கள். ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியில் இருப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

சர்வர் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்பேம் என்று தோன்றியதைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். தனிப் பெட்டியில் போடுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே மறுத்துவிடுங்கள், அப்போது அனுப்பியவருக்குத் "திரும்பிவிட்டது" என்று தகவலாவது போகும். வாங்கி வைத்துக்கொண்டு அழித்தால் அந்தச் செங்கம் அம்மா ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருப்பார். பத்து லாட்டரி அஞ்சல் உள்ளே வந்தால் பத்து தடவை டெலிட் அழுத்தினால் போயிற்று. ஒரு மனு தொலைந்தால் அதற்கு ஈடு கிடையாது. அதனால் 5 என்பதை 3 ஆக்கி ஃபில்டரை இறுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வாட்ஸ்அப்புக்கும் இப்படி ஃபில்டர் போட முடியுமா என்று வரும்போதே ஒருவர் கேட்டார். அங்கே செய்தி அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கிறது. நடுவில் எந்த சர்வரும் அதைப் படிக்க முடியாது. மின்னஞ்சலில் ஆபத்தான இணைப்புகளை சர்வரே தடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் அபராத ரசீது என்றோ அரசு உதவித்தொகை என்றோ பெயர் வைத்து ஏபிகே ஃபைல் வந்தால் தடுக்கிற ஆள் நீங்கள்தான். தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். ஸ்பேம் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள், சேர்ந்தே திறந்து பார்ப்போம்.